லயத்துக்கு எச்சரிக்கை: கைபேசியா, சைரனா, மழைமானியா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் தூக்கம் கெடும். மலை சரியும் முன் சேதி எந்த வழியில் வந்தால் பிழைக்கலாம்? எந்த வழியானாலும் அதை 2020 ஆகஸ்ட் 6 இரவில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. அன்று மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. 70 பேர் பலியானார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. சரிவு நடந்த செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது.

கைபேசி எச்சரிக்கைக்குப் பரப்பு அதிகம். செல் பிராட்காஸ்ட் முறையில் நம்பர் எதுவும் வேண்டாம். ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்கள் ஒரே நேரத்தில் அலறும். ஆனால் டவருக்கே கரண்ட் போனால்? பெட்டிமுடி மாதிரி இடத்தில் அதோடு கதை முடிந்தது. இன்னொரு குறை, வானிலைத் துறையின் நிற எச்சரிக்கை மாவட்ட அளவில் வருவது. 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் மழை என்றால் சிவப்பு. இடுக்கியோ 4,300 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த மாவட்டம். அடிவாரத்துத் தொடுபுழாவுக்கும் மலைமேல் மூணாறுக்கும் ஒரே நிறம். ‘போன தடவையும் சிவப்புன்னாங்க, ஒண்ணும் ஆகலையே’ என்று யாராவது சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். மலையாள எழுத்து படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு.

சைரனுக்கு இந்தப் படிக்கும் தொல்லை இல்லை. கேரள அரசின் ‘கவசம்’ என்ற பேரிடர் எச்சரிக்கைத் திட்டத்தில் சைரன்கள் வந்திருப்பது நல்ல விஷயம்தான். ஆற்றங்கரைக்கும் டவுனுக்கும் பொருந்தும். ஆனால் லயத்தில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது அடுத்த அறைப் பேச்சே கேட்காது. ஒரு மேட்டைத் தாண்டியிருக்கும் சைரன் எங்கே கேட்கப் போகிறது?

வானொலியைச் சொல்லாமல் விட முடியாது. பேட்டரி ரேடியோவில் கரண்ட் இல்லாமலும் தேவிகுளம் நிலையம் கேட்கும். ஆனால் நள்ளிரவில் யார் ரேடியோவைத் திறந்து வைத்திருப்பார்கள்?

அடுத்தது மழைமானி. பெட்டிமுடியில் அன்று 24 மணி நேரத்தில் 600 மி.மீ.க்கு மேல் பதிவானது. எஸ்டேட்களில் மழை அளப்பது பழைய வழக்கம். ஆனால் காலையில் ஒருமுறை பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவதோடு சரி. அதே மானியை மணிக்கொருமுறை பார்க்க ஆள் வைத்து, இத்தனை மி.மீ. தாண்டினால் கதவைத் தட்டலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தால் டவரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். வயநாட்டில் ஹ்யூம் என்ற சூழலியல் ஆய்வு மையம் ஊர் ஊராக மழைமானி வைத்து அளக்கிறது. 2024 ஜூலையில் முண்டக்கை, சூரல்மலை சரிவதற்கு முன்பே நிர்வாகத்தை அது எச்சரித்தது. அளவு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தச் சேதி முடிவெடுக்க வேண்டியவரிடம் போய், அவர் ஆட்களை நகர்த்த வேண்டும். இந்த வழியின் பலவீனமும் அதுதான். கதவைத் தட்டுபவர் சொல்லலாம், உத்தரவு போட முடியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தை குட்டியோடு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, அதன் சாவி யாரிடம், மறுநாள் பெரட்டுக்கு (காலை ஆஜர் எடுப்புக்கு) வராதவருக்குக் கூலி உண்டா? இதையெல்லாம் மே மாதமே பேசி எழுதி வைக்காவிட்டால் மானியாலும் பயனில்லை.

என்னைக் கேட்டால், டவுனுக்குச் சைரன், மாவட்டத்துக்குப் போன். ஓடையோரத்து லயத்துக்கு முதல் செலவு மழைமானிக்கும் அதைப் பார்க்கும் ஆளின் ராத்திரிச் சம்பளத்துக்கும்தான்.