வெனிஸில் இரண்டு தீவுகள்: பஹ்ரைனும் துவாலுவும்

இத்தாலியின் வெனிஸ் நகரில் கலைக்கும் கட்டிடக்கலைக்கும் மாறி மாறி நடக்கும் சர்வதேசக் கண்காட்சி வெனிஸ் பியனாலே; நாடுகள் தங்கள் அரங்குகளை அங்கே அமைக்கும். அதில் சின்னத் தீவு நாடு எதைக் காட்டலாம்? எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பஹ்ரைன். 2010 கட்டிடக்கலைக் கண்காட்சிதான் அதற்கு முதல் முறை. மாதிரி வடிவமோ வரைபடமோ கொண்டுவரவில்லை. கடலோர மீனவர் குடிசைகள் மூன்றைப் பிரித்து எடுத்துவந்து, கண்காட்சி நடக்கும் பழைய கப்பல்தளமான அர்செனாலேயில் அப்படியே நிறுத்தினார்கள். உள்ளே உட்கார்ந்தால் மீனவர்களின் பேட்டிகளைத் திரையில் பார்க்கலாம். கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் கரை எப்படிக் கைவிட்டுப் போனது என்று அவர்களே சொல்வார்கள். சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்கம் விருது அதற்கே கிடைத்தது.

பசிபிக் தீவு நாடான துவாலுவின் கவலை நேர்மாறானது. அங்கே கடல் நிலத்தை விழுங்குகிறது. 2015 கலைக் கண்காட்சியில் அதன் அரங்கு முழுக்கத் தண்ணீர். நடைபாதையில் கால் வைத்தால் பலகை லேசாக அமிழும். உடம்பில் உடனே உறைக்கிற உத்தி அது. ஆனால் உருவாக்கியவர் தைவான் கலைஞர் வின்சென்ட் ஹுவாங். சுமார் 11,000 பேர் வாழும் நாட்டுக்கு வெளியுதவி தேவைதான், சரி. இருந்தாலும் துவாலு மக்களின் குரலைத்தான் நான் அங்கே தேடுவேன். அதனால் என் ஓட்டு பஹ்ரைனுக்கே.