ஐஸ் ஹொக்கி டிக்கெட்: நிலையான விலையா, தரம் பிரித்த விலையா, நேரத்துக்கு நேரம் மாறும் விலையா?

ஐஸ் ஹொக்கி நமக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டு என்று இனியும் சொல்ல முடியாது. திருகோணமலையில் உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கனடாவில் பிள்ளையோ சகோதரமோ இருக்கிற வீடு ஒன்று தட்டுப்படும். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டைவிட ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் என்ற ஹொக்கி அணி பெரிது. ஊரிலிருந்து போகும் தாத்தா பாட்டியைக்கூட ஒரு நாள் அரங்குக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை டிக்கெட் வாங்கும் இடத்தில்தான் முட்டுப்படுகிறது. விலை அதிகம் என்பது பழைய குறை. இன்று என்ன விலை, நாளை என்ன விலை என்றே தெரியாது என்பது புதிய குறை.

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.லில், 32 அணிகள் ஆடுகின்றன. 2025-26 வரையான வழமையான பருவத்தில் ஒரு கழகம் ஆடும் 82 போட்டிகளில் 41 சொந்த அரங்கில் நடந்தன. இந்தப் போட்டிகளுக்கு டிக்கெட் விற்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ரசிகருக்கு உகந்தது, போட்டிகளை முன்கூட்டியே தரம் பிரித்து அறிவிக்கும் விலைதான் என்பது என் முடிவு. ஆனால் நேரத்துக்கு நேரம் மாறும் விலைக்கும் நியாயங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது.

நிலையான விலை எல்லோருக்கும் புரியும். அரங்கின் ஒவ்வொரு பகுதிக்கும் பருவம் முழுவதும் ஒரே விலை. எதிரணி யார், சனிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்பது விலையைத் தொடாது. குடும்பத்தோடு போகிறவர் மூன்று மாதம் முன்பே கணக்குப் போட்டுப் பணத்தை ஒதுக்கலாம். இதைவிட நேர்மையான முறை இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

சிக்கல் கழகத்தின் கதவுக்கு வெளியே தொடங்குகிறது. சனிக்கிழமை இரவில் லீவ்ஸும் அதன் நெடுநாள் எதிரியான மொன்றியல் அணியும் மோதும் போட்டிக்கும், வாரநாளில் பின்தங்கிய அணியோடு ஆடும் போட்டிக்கும் ஒரே விலை வைத்தால், முதலாவதின் டிக்கெட்டை முந்திக்கொண்டு வாங்குபவர் ரசிகராக இருக்க வேண்டியதில்லை. கணினி நிரலை ஏவி, நொடிக்கணக்கில் டிக்கெட்டுகளை அள்ளி, மறுவிற்பனைத் தளத்தில் இரண்டு மடங்குக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிரல்களுக்கு எதிராக அமெரிக்கா 2016 இல் சட்டம் இயற்றியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2017 இல் இன்னும் ஒரு படி மேலே போய், அச்சிட்ட விலைக்கு மேல் 50 சதவீதத்தைத் தாண்டி மறுவிற்பனை செய்யக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. அந்த உச்சவரம்பு நடைமுறைக்கு வரும் முன்பே, 2018 இல் ஆட்சி மாறியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 இல் நீக்கப்பட்டது. ஆக, மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தாமல் நிலையான விலையை மட்டும் வைத்திருந்தால், கழகம் விட்டுக்கொடுக்கும் பணம் ரசிகரிடம் தங்காது. இடையில் நிற்பவரின் பைக்குப் போகும்.

“எப்படியும் யாரோ அந்த விலைக்கு விற்கத்தான் போகிறார்கள், அதை நாங்களே விற்கிறோம்” என்பதே மாறும் விலைக்குக் கழகங்கள் சொல்லும் முதல் நியாயம். முறை விமானக் கம்பனிகளிடமிருந்து வந்தது. 1978 இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபின், ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. விளையாட்டில் 2009 இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்போல் கழகம் ஏறத்தாழ 2,000 இருக்கைகளில் இதைச் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டே முழு அரங்குக்கும் விரித்தது. அங்கிருந்து ஹொக்கிக்கும் பரவியது. எதிரணி, நாள், அணியின் நிலை, நட்சத்திர வீரரின் வருகை, இதுவரை விற்ற வேகம் எல்லாவற்றையும் மென்பொருள் எடைபோட்டு விலையை ஏற்றி இறக்குகிறது.

கரைவலை ஏறிய காலையில் திருக்கடலூர்க் கரையில் நின்றவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. சூடையும் கீரியும் குவிந்துவிட்டால் விலை விழும். மீன்பாடு குறைந்தால் அதே மீன் எட்டாத விலைக்குப் போகும். வெயில் ஏறும் முன் விற்காத மீன் கெட்டுவிடும். ஆட்டம் தொடங்கியபின் காலியாகக் கிடக்கும் இருக்கைக்கும் அதே கதிதான். ஆனால் கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் எல்லோரும் அதே குவியலைச் சுற்றி நிற்கிறார்கள். எவ்வளவு மீன் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், யார் எவ்வளவு கேட்டார் என்று காதுக்குக் கேட்கும். வலைக்குச் சொந்தக்காரரான அந்தச் சம்மாட்டியின் விலை பிடிக்காவிட்டால் இருபது கஜம் தள்ளி இன்னொரு வலை ஏறுகிறது. ஹொக்கி ரசிகருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. எத்தனை இருக்கை மிச்சம், விலை ஏன் ஏறியது, மீண்டும் இறங்குமா என்பதெல்லாம் திரைக்குப் பின்னால். தள்ளிப்போய் வாங்க இன்னொரு லீவ்ஸ் அணியும் கிடையாது.

கனடாவில் இருக்கும் என் பெறாமகன் தன் மகனின் பிறந்தநாளுக்கு நான்கு டிக்கெட் எடுக்க முயன்றதைத் தொலைபேசித் திரையில் எனக்குக் காட்டினான். இரவு பார்த்து, மனைவியின் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டுக் காலையில் வாங்கலாம் என்று வைத்திருந்தான். காலையில் அதே பகுதி, அதே வரிசை, விலை ஏறியிருந்தது. பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனபோது சேவைக் கட்டணம் தனியாக வந்து சேர்ந்தது. “சித்தப்பா, இந்த விலையை நேற்றே சொல்லியிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன், வேறு போட்டியைப் பார்த்திருப்பேன்” என்றான். விலையைவிட, ஒரு இரவு யோசித்ததற்குத் தண்டம் கட்டியதுதான் அவனுக்கு எரிச்சல். இந்த முறையில் பொறுமையான தகப்பன் தோற்கிறான். கையில் பணத்தோடு அவசரப்படுகிறவன் வெல்கிறான். மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் யாரிடமாவது கேட்டுத்தான் செலவு செய்கிறார்கள். அந்த ஒரு நாள் அவகாசத்தைப் பறிப்பதுதான் இதன் பெரிய அநியாயம்.

மறுபக்கமும் உண்மை. நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை, பின்தங்கிய எதிரணி, வெளியே பனிமழை என்றால் விலை நன்றாகவே இறங்கலாம். நிலையான விலையில் இந்தச் சலுகை கிடைக்காது. நாள் முக்கியமில்லாத மாணவர்களுக்கும் இரவு வேலைக்காரர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. ஆனால் இறக்கத்துக்கு ஒரு தரை இருக்கிறது. பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டியவர்கள் கோபப்படுவார்கள் என்பதற்காக, தனி டிக்கெட்டின் விலை அவர்கள் கொடுத்ததற்குக் கீழே போகாதபடி பல கழகங்கள் பார்த்துக்கொள்கின்றன. ஏறுவதற்கு மட்டும் அப்படியொரு கூரை இல்லை.

வீரர்களின் சம்பளம்தான் விலையை ஏற்றுகிறது என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறது. என்.எச்.எல்.லில் 2005 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26 பருவத்தில் அது ஒரு அணிக்கு 95.5 மில்லியன் அமெரிக்க டொலர். லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2013 ஒப்பந்தம் முதல் ஹொக்கி வருமானத்தில் வீரர்களின் பங்கு பாதி. அதாவது வருமானம் கூடுவதால்தான் சம்பளம் கூடுகிறது. விலையை நிர்ணயிப்பது ரசிகர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது மட்டுமே.

இனி நடுவில் நிற்கும் முறை. பருவம் தொடங்கும் முன்பே போட்டிகளை மூன்று நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் விலையை அறிவித்துவிடுவது. மொன்றியல் வரும் சனிக்கிழமைக்குக் கூடிய விலை, வாரநாளுக்குக் குறைந்த விலை. அறிவித்தபின் மாற்றம் இல்லை. பெரிய போட்டியின் விலை உண்மைக்கு அருகில் இருப்பதால் இடைத்தரகரின் லாபம் சுருங்குகிறது. குறைந்த வருமானக்காரருக்கும் எட்டக்கூடிய போட்டிகள் அட்டவணையிலேயே தெரிகின்றன. கழகத்தின் கணிப்பு பிழைக்கலாம். சாதாரண தரத்தில் போட்ட போட்டி பருவ முடிவில் வாழ்வா சாவா ஆட்டமாகிவிடலாம். அந்த நட்டத்தைத் தாங்கக் கழகத்தால் முடியும். நான்கு டிக்கெட்டுக்குச் சேர்த்த குடும்பத்தால் முடியாது.

கழகங்கள் கேட்குமா என்றால், கேட்க வைத்த இடங்கள் உண்டு. 2016 பெப்ரவரியில் 77 பவுண்ட் டிக்கெட்டை எதிர்த்து இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழக ரசிகர்கள் ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே உரிமையாளர் நிறுவனம்தான் 2021 இல் பிட்ஸ்பேர்க் பெங்குவின்ஸ் ஹொக்கிக் கழகத்தை வாங்கியது. கால்பந்து ரசிகர்களுக்கு இருக்கும் அமைப்பு பலம் ஹொக்கி ரசிகர்களுக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளிடம் போகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். சனிக்கிழமையை விட்டுவிட்டு வாரநாள் போட்டியைப் பாருங்கள். எதிரணி பெயர் பெற்றதாக இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள்; போட்டி நெருங்கும்போது மறுவிற்பனையில் விலை இறங்கும் வாய்ப்பு அதிகம். மொன்றியல் போட்டிதான் வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால், விற்பனை தொடங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். திரையில் முதலில் தெரியும் விலையை நம்பாமல், கட்டணம் சேர்ந்த முழுத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். அமெரிக்க நகரத்துக்குப் போகிறீர்கள் என்றால், 2025 மே மாதம் முதல் அங்கே முழுத் தொகையை முதலிலேயே காட்டவேண்டும் என்பது விதி. காட்டாத தளத்தில் வாங்காதீர்கள்.