தோண்டி மூடுவதா, துளைப்பதா, தூணில் ஏற்றுவதா: டெல்டா மண்ணில் மெட்ரோ

திருச்சிக்கு மெட்ரோ என்று பேச்சு கிளம்பினால் போதும், கூடவே ஒரு கோரிக்கையும் கிளம்பிவிடும். "போட்டா அண்டர்கிரவுண்டா போடுங்க. இருக்கிற ரோட்டுல தூணை நட்டுத் தொலைக்காதீங்க." ஆசை நியாயமானதுதான். சமயபுரம்–வயலூர், துவாக்குடி–பஞ்சப்பூர் என்று இரண்டு வழித்தடங்கள் ஏற்கெனவே ஆய்வில் அடிபட்டிருக்கின்றன. 20 லட்சம் மக்கள்தொகை என்ற வரம்பைக் காட்டி, கோவை, மதுரைத் திட்டங்களையே மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 9 லட்சம் பேரே இருந்த திருச்சி மாநகராட்சிக்கு முறை எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வருகிறபோது வரட்டும். எங்கே மண்ணுக்குள் போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை அதற்குள் பேசிவைப்பது நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருச்சி நகருக்குள் ஒரு சின்னத் துண்டுக்குச் சுரங்கம் சரி, தஞ்சாவூரிலும் அதற்குக் கிழக்கேயும் வேண்டாம். இதில் பணத்தை விடப் பெரிய காரணம் தண்ணீர்.

ஒரே டெல்டா, மூன்று விதத் தரை

மலைக்கோட்டை 83 மீட்டர் உயரத்துக்கு வெளியே தெரியும் பாறை. அந்தப் பாறை இனம் ஊருக்கு அடியிலும் கிடக்கிறது, மேடும் பள்ளமுமாக. ஒரு தெருவில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், இன்னொரு தெருவில் வெகு ஆழம் வரை மக்கிய பாறையும் மண்ணுமாகவே வரும். காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் கதை மாறிவிடும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஆறு கொண்டுவந்து போட்ட மணல் மேல்தான் அந்தத் தீவே இருக்கிறது. தஞ்சாவூர் எல்லைக்கோடு மாதிரி. தெற்கே வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லுமான மேட்டுநிலம், வடக்கிலும் கிழக்கிலும் வண்டல். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று கிழக்கே போகப் போக களி, மணல், களி, மணல் என அடுக்கடுக்காக வரும். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும்.

இந்த மூன்று தரைக்கும் ஒரே முறையைச் சொல்கிறவர் பேச்சை நம்ப வேண்டாம்.

கொல்கத்தா இரண்டையும் செய்து பார்த்துவிட்டது

சுரங்கத்துக்குப் பிரதான வழிகள் இரண்டு. ஒன்று கட் அண்ட் கவர்: ரோட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் இறக்கி, நடுவில் மண்ணை அள்ளி, பெட்டி மாதிரி கட்டிவிட்டு, மேலே மூடுவது. இன்னொன்று டி.பி.எம்., அதாவது சுரங்கம் துளைக்கும் இயந்திரம்: ஒரு முனையில் குழி தோண்டி இயந்திரத்தை இறக்கினால் அது மண்ணைக் குடைந்துகொண்டே போய், பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டே வரும்.

டெல்டாக்காரர்கள் இந்த விஷயத்தில் சென்னையைப் பார்ப்பதை விட கொல்கத்தாவைப் பார்ப்பது மேல். அதுவும் ஆற்று வண்டல் மேல் உட்கார்ந்த ஊர், இரண்டு முறையையும் அனுபவித்த ஊர். முதல் பாதைக்கு 1972-ல் அடிக்கல் நாட்டினார்கள். பெரும்பகுதி கட் அண்ட் கவர். முதல் துண்டில் ரயில் ஓடியது 1984 அக்டோபரில், டம்டம்–டோலிகஞ்ச் முழுப் பாதையும் முடிந்தது 1995-ல். அத்தனை வருடம் ஊரின் முக்கியச் சாலைகள் பிளந்து கிடந்தன. கடைக்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கு–மேற்குப் பாதைக்கு டி.பி.எம். வந்தது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டரை 2017-ல் குடைந்து முடித்தார்கள், 2024 மார்ச்சில் ரயில் விட்டார்கள். அபாரமான வேலை. ஆற்றைச் சேதமில்லாமல் கடந்தவர்களுக்குச் சோதனை தரையில் காத்திருந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜார் பகுதியில் இயந்திரம் நீர்த்தாங்கி மணல் அடுக்கில் முட்டியது. தண்ணீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2022 மே மாதமும் அக்டோபரிலும் அதே வட்டாரத்தில் மறுபடி விரிசல்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஆபத்து உண்டு, 2019 அதற்குச் சாட்சி; ஆனாலும் அது ஓரளவு கட்டுக்குள் இருக்கும், அதன் முகத்தில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எதிரழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இயந்திரம் இல்லாமல் ஆட்கள் வெட்டும் இடங்களில்தான் ஆபத்து அதிகம். இரட்டைச் சுரங்கங்களுக்கு இடையே சுமார் 250 மீட்டருக்கு ஒன்று என்று அவசர வழி வெட்ட வேண்டும். அதை இயந்திரம் செய்யாது. வளையத்தைத் திறந்து ஆட்கள் வெட்டுவார்கள். ஷாங்காயில் 2003-ல் நடந்த பெரிய விபத்து இப்படி ஒரு குறுக்கு வழியில்தான். மண்ணை உறையவைத்து வெட்டினார்கள், உறைவு தாங்கவில்லை. 2022 அக்டோபரில் பவ்பஜாரில் வந்த விரிசலும் குறுக்கு வழி வேலையின்போதுதான்.

"டி.பி.எம். வந்தால் ரோட்டைத் தோண்ட மாட்டார்கள்" என்பதும் பாதி உண்மைதான். ரயில் ஓடும் சுரங்கத்தை மட்டும்தான் இயந்திரம் துளைக்கும். நிலையம் பெரும்பாலும் கட் அண்ட் கவர்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மீட்டர் நீளக் குழி. கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு ரோடு எப்படியும் திறக்கப்படும். சத்திரம் பேருந்து நிலையத்தையும் பெரிய கடைவீதியையும் நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பெட்டி மிதக்கும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். டெல்டாவில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்.

200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட ஒரு நிலையப் பெட்டி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே 15 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். அது இடம்பெயர்க்கும் தண்ணீர் 60,000 கன மீட்டர். அதாவது 60,000 டன் விசை அந்தப் பெட்டியை மேலே தள்ளும், வருடம் முழுக்க, இரவும் பகலும். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெற்றிடம். தளத்தைத் தடிமனாக்கி, பக்கச் சுவர்களை இன்னும் ஆழம் இறக்கி, அடியில் மேல்நோக்கிய இழுவையைத் தாங்கும் பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) அடித்து, மேலே மண்ணைப் போட்டு அமுக்கித்தான் பெட்டியைக் கீழே வைத்திருக்க முடியும். பாறையில் இதே வேலை சுலபம், சுவரைப் பாறையோடு பிணைத்துவிடலாம். கும்பகோணத்து மணலில் பிணைக்க என்ன இருக்கிறது?

டி.பி.எம். சுரங்கத்துக்கும் இதே கணக்கு உண்டு, கொஞ்சம் தயவோடு. உள்விட்டம் 5.8 மீட்டர், வளையத்தின் தடிமன் 275 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளம் சுமார் 32 டன் தண்ணீரைத் தள்ளும். கான்கிரீட்டின் எடையோ 13 டன். மீதி 19 டன்னை மேலே இருக்கும் மண்தான் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சுரங்கத்தின் தலைக்கு மேல் குறைந்தது ஒரு விட்டம் அளவாவது மண் வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வட்ட வடிவம், குறைந்த கனஅளவு, தண்ணீரை இறைக்காமலே வேலை. இந்த மூன்றிலும் வண்டல் மண்ணில் துளைதான் ஜெயிக்கும்.

கட் அண்ட் கவரில் தண்ணீரை இறைத்தாக வேண்டும். உறைகிணறு இறக்கியவர்களுக்கு இது புதிதல்ல: உள்ளே இறைக்க இறைக்க அடியிலிருந்து மணல் பொங்கி வரும், ஆழம் கூடாது, பக்கத்துத் தரை அமுங்கும். 15 மீட்டர் குழியிலும் அதே சங்கதிதான், அளவு மட்டும் பெரிது. சுவரில் ஒரு ஓட்டை போதும். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று மெட்ரோ வேலைக்குத் தோண்டிய குழியின் சுவர் வழியே தண்ணீரும் மண்ணும் பாய்ந்ததில், பக்கத்தில் இருந்த நகர ஆவணக் காப்பகமே சரிந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள். நூற்றாண்டுகளின் கையெழுத்துப் பிரதிகள் சேற்றில் கலந்தன. சரஸ்வதி மகால் நூலகம் இருக்கும் ஊர்க்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தேதி அது.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல் காலண்டரில் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். பாசன வாய்க்காலைக் குறுக்கே வெட்டித்தான் பெட்டி கட்ட வேண்டும் என்றால் கிடைக்கும் இடைவெளி நாலரை மாதம். அதற்குள் முடியாவிட்டால் வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும், அல்லது கடைமடைக்காரர்களிடம் பதில் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாய் பெரிய கோயிலை ஒட்டியே ஓடுகிறது. டி.பி.எம்.முக்கு இந்தக் கவலை இல்லை. சென்னையில் அடையாற்றுக்குக் கீழே போன இயந்திரம் ஒன்றுக்குக் 'காவேரி' என்றே பெயர் வைத்தார்கள். பெயராவது ஆற்றைக் கடந்தது.

பாறையில் வெடிவைத்தோ உடைத்தோ கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, உடனுக்குடன் கான்கிரீட் பீச்சித் தாங்கும் முறையும் உண்டு. மும்பை மூன்றாவது பாதையில் சில நிலையங்கள் அப்படித்தான் கட்டப்பட்டன. திருச்சியில் நல்ல பாறை கிடைக்கும் இடத்தில் யோசிக்கலாம். வண்டலில் பேச்சே கிடையாது.

தூண் கட்சி

தூணில் ஓடும் பாதைக்கு ஆகும் செலவைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு சுரங்கத்துக்கு ஆகும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளத்தில் முழுகாது, கட்டுவதும் வேகம். காசு மட்டும் பேசினால் விவாதம் இத்தோடு முடிந்தது.

டெல்டாவில் முடியாததற்குக் காரணம் தேர். மேம்பாலத்துக்கு அடியில் சாலைக்கு விடும் உயரம் சுமார் ஐந்தரை மீட்டர். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கும்போது 96 அடி. தஞ்சையின் நான்கு ராஜவீதிகளானாலும், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியானாலும் தேரோடும் தெருவைத் தூண் பாதை குறுக்கே கடக்கவே முடியாது. தொல்லியல் சட்டமும் சேர்ந்துகொள்ளும்: 2010 திருத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாடு. பெரிய கோயில், தாராசுரம், மலைக்கோட்டைக் குடைவரை என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டம் போட்டுப் பாருங்கள், வரைபடத்தில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

ஆற்றுக்குள் நிற்கும் தூணும் சும்மா இருக்காது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்ததையும், அதே மாதம் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதையும் பார்த்தவர்கள் நாம். மணல் அள்ளி ஆற்றுப் படுகை தாழ்ந்த இடத்தில் அடித்தளத்தைச் சுற்றி அரிப்பு கூடும். ஆற்றடிச் சுரங்கத்துக்கும் இது பொருந்தும்: தலைக்கு மேலே இருக்கும் மண்ணை இன்றைய படுகையிலிருந்து அளக்கக் கூடாது, வெள்ளம் அரித்த பிறகு எஞ்சும் அடியிலிருந்து அளக்க வேண்டும்.

எந்த ஊருக்கு எது

திருச்சியில் சத்திரம், மலைக்கோட்டை சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் டி.பி.எம். மற்ற இடங்களில், பஞ்சப்பூர் பேருந்து முனையம் வரைக்கும், தூண். ஒரு எச்சரிக்கை: பாதி பாறை, பாதி மண்ணாக வரும் கலப்புத் தரையில்தான் டி.பி.எம். அதிகம் திணறும். பாறை வெட்டும் சில்லுகள் தேய்ந்து உடையும், மேலே உள்ள மண் மட்டும் அதிகமாக உள்ளே வந்து ரோடு குழியாகும். பெங்களூரு இதில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதும் சுரங்க வேலையின்போதுதான்.

ஸ்ரீரங்கத்துக்குப் பாலம். காவிரிக்கு அடியில் போக முடியாதா என்றால், கொல்கத்தா போயிருக்கிறதே, முடியும். ஆனால் ஆற்றடியில் 25 மீட்டர் ஆழத்திலிருந்து 10 மீட்டர் உயரத் தூணுக்கு ஏற, 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் என்றால், சுமார் 1,170 மீட்டர் ஓட வேண்டும். அம்மா மண்டபத்திலிருந்து ராஜகோபுரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஏறி முடிப்பதற்குள் ராஜகோபுரம் தாண்டிவிடும், அடுத்து கொள்ளிடம் காத்திருக்கும். இரண்டு ஆற்றையும் சுரங்கத்திலேயே கடப்பது அல்லது இரண்டையும் பாலத்தில் கடப்பது, நடுவழி இல்லை. கோயில் வீதிகளை விட்டு விலகிப் போகும் பாலமே போதும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்குத் தோண்டுவது, துளைப்பது, தூண் மூன்றுமே வேண்டாம். ரயில்வே கேட்டுகளுக்குப் பதிலாகக் கட்டிய சுரங்கப்பாதைகள் அடைமழையில் என்ன கதியாகின்றன என்று தினமும் அதில் போகிறவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தானாக வடிய வழியில்லை, மோட்டார் நின்றால் குளம். பாங்காக் மாதிரி நிலைய வாசலைப் படியேற்றி உயர்த்தி, வெள்ளக் கதவு போட்டுச் சமாளிக்கலாம்தான். அந்தச் செலவுக்கு அங்கே இருக்கும் கூட்டம் இங்கே இல்லை. இங்கே ஏற்கெனவே தரையில் ஒரு பாதை கிடக்கிறது. தஞ்சாவூர் வரை இரட்டைப் பாதை, அதற்கு மேல் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஒற்றைப் பாதை. அதை இரட்டையாக்கி, அரை மணிக்கு ஒரு மெமு (குறுந்தூர மின்சார ரயில்) விட்டால் 2028 மகாமகக் கூட்டத்துக்குக் கொஞ்சமாவது மூச்சு விடலாம்.

திருச்சித் திட்ட அறிக்கை என்றைக்காவது வெளியே வந்தால், நிலையங்களின் கலர் படங்களைத் தாண்டிப் போய் மண் பரிசோதனைத் துளைகளின் பட்டியலைப் பாருங்கள். எத்தனை மீட்டருக்கு ஒரு துளை போட்டார்கள், பாறை எந்த ஆழத்தில் தட்டியது, முக்கியமாக நீர்மட்டத்தை எந்த மாதத்தில் அளந்தார்கள். மே மாதத்து அளவை வைத்து ஆழத்தைத் தீர்மானித்திருந்தால், கார்த்திகையில் ஒருமுறை அளந்து வரச் சொல்லி மனு போடலாம்.