வெளியேறிய உறவினரின் உடைமைகள்: வைத்திருப்பதா, அனுப்புவதா, அகற்றுவதா?

கொழுந்தனோ மருமகனோ வளர்ந்த பிள்ளையோ, ஒருவரை இனி இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று அனுப்பிய பிறகு, அவர் அலமாரியில் விட்டுப்போன துணிகளும் கட்டிலுக்கடியில் கிடக்கும் பெட்டிகளும் பழைய மடிக்கணினியும் வீட்டாருக்குப் பெரும் தலைவலியாகின்றன. விற்றோ கொடுத்தோ தீர்த்துவிடுவது, அப்படியே வீட்டில் வைத்திருப்பது, வாடகைக் கிடங்கில் போடுவது, அவர் இருக்கும் இடத்துக்கே அனுப்புவது என்று நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி மிகவும் ஆசைகாட்டுவது. ஆபத்து மிகுந்ததும் அதுவே. வீட்டில் தங்கும் உரிமை போய்விட்டாலும் பொருளின் மேலுள்ள உரிமை போய்விடுவதில்லை. ஒரு பொருள் கைவிடப்பட்டது என்று கொள்ள வேண்டுமானால், அது தமக்கு வேண்டாம் என்று உரியவர் விட்டுவிட்டது தெளிவாகத் தெரிய வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு போனவர் சில மாதங்கள் எட்டிப் பார்க்கவில்லை என்பது அதற்குப் போதாது. இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் உரிய அறிவிப்புக் கொடுத்த பிறகு விற்க வழி செய்கிறது. ஆனால் விற்ற பணத்தில் விற்பனைச் செலவு போக மீதிக்கு உரியவரிடம் கணக்குக் காட்டியாக வேண்டும். கலிபோர்னியாவில், காலி செய்துபோன வாடகைதாரரின் பொருள்களுக்கான அறிவிப்பை நேரில் கொடுத்தால் குறைந்தது 15 நாளும், தபாலில் அனுப்பினால் 18 நாளும் அவகாசம் தர வேண்டும். உறவினருக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தும் என்பதில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். எனினும், முன்கூட்டி எழுத்தில் சொல்லாமல் பிறர் பொருளில் கைவைக்கக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் இருப்பதைக் கவனிக்கலாம்.

வீட்டிலேயே வைத்திருப்பது பெருந்தன்மையாகத் தோன்றும், செலவும் இல்லை. ஆனால் பொறுப்பு உண்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரம் முழுதும் உலராமல் கட்டிவைத்த துணி பூஞ்சை பிடிக்கும். முழுவதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும் மடிக்கணினியின் பேட்டரி பிறகு உயிர் பெறாமலே போகலாம். இவற்றைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. அறையில் பொருள் இருக்கும்வரை, “என் சட்டையை எடுக்க வந்தேன்” என்று எந்த நேரத்திலும் கதவைத் தட்ட அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. பையில் ஒரு சங்கிலி இருந்தது, இப்போது காணவில்லை என்று அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் சான்று எதுவும் இல்லை. யாரை வெளியே அனுப்பினோமோ அவரே அந்த அறையை ஆண்டுகொண்டிருப்பார்.

வாடகைக் கிடங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் யார் பெயரிலோ பாக்கியும் அவர் தலையில்தான். சில மாத வாடகையிலேயே பழைய கட்டில் மெத்தையின் மதிப்பு கரைந்துபோகும். அவருக்கு நிலையான இருப்பிடம் அமையச் சில வாரங்கள் ஆகும் என்ற நிலையில், அவரே சம்மதித்து அவர் பெயரில் எடுக்கும் கிடங்கு மட்டுமே பொருத்தம்.

அனுப்பிவைப்பதுதான் என் தேர்வு. பொருளைத் தேடி ஆள் வருவதைவிட ஆளைத் தேடிப் பொருள் போவது நல்லது; வண்டி வாடகையை நீங்களே கொடுத்தாலும் அது நட்டமில்லை. இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். குடும்பத்தில் இரு தரப்புக்கும் வேண்டிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் பெட்டியில் வைக்கும் முன் படமெடுத்து, பெட்டிக்கு எண்ணிட்டுப் பட்டியல் எழுத வேண்டும். “துணிகள்” என்று பொதுவாக எழுதுவது பயனற்றது. “பெட்டி 4: நீலக் கம்பளிச் சட்டை 1, கைக்கடிகாரம் 1, கண்ணாடி உடைந்துள்ளது” என்ற அளவுக்கு இருந்தால்தான் பிற்பாடு பேச்சு எழாது. பூட்டிய பெட்டியைத் திறக்கக் கூடாது. பூட்டியே இருக்கிறது என்று குறித்தால் போதும். கடிதங்களைப் படிப்பதும் மடிக்கணினிக்குள் நுழைவதும் எந்தக் கோபத்திலும் கூடாது.

பிறகு அனுப்பும் செய்தியில் பழைய கதை ஒரு வரிகூட வரக் கூடாது: “உங்கள் பொருள்கள் ஏழு பெட்டிகளில் உள்ளன. பட்டியலும் படங்களும் இத்துடன் இருக்கின்றன. 30ஆம் தேதிக்குள் எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், சித்தப்பா கொண்டுவருவார்.” அவ்வளவே. பெற்றுக்கொண்டதற்குப் பட்டியலின் நகலில் கையொப்பம் வாங்கிவர வேண்டும். கொண்டுபோகிறவருக்கு அது சங்கடமாக இருக்கும். ஆனாலும் விடக் கூடாது.

இந்த வழி பொருந்தாத இடங்களும் உண்டு. இருவரும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால், சித்தப்பா வழியாகச் சொல்லி அனுப்புவதுகூட உத்தரவை மீறியதாகலாம். அங்கே வழக்கறிஞரையோ காவல் நிலையத்தையோ கேட்டே நகர வேண்டும். வெளியேறியவர் மனைவியோ கணவரோ என்றால், வீட்டின் மீதே அவருக்கு உரிமை இருக்கக்கூடும் என்பதால் பொருள்களை நகர்த்தும் முன்பே சட்ட ஆலோசனை தேவை. முகவரியும் தெரியாமல் பதிலும் வராதபோது, அவரது கடைசி முகவரிக்குப் பதிவுத் தபாலில் கெடு வைத்து எழுதி, கெடு முடியும்வரை வைத்திருந்து, அதன் பிறகு உள்ளூர்ச் சட்டம் அனுமதிப்பதைச் செய்வதே முறை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், வங்கிக் காகிதங்கள், தினமும் சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றைப் பெட்டிகளோடு சேர்க்காமல் தனி உறையில் வைத்து, அவரிடம் பேசி முடியும்வரை காத்திராமல் முதல் நாளிலேயே நம்பகமான ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.