மாநகராட்சியின் சேவைக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் மதிப்புரை

கைப்பேசிக்கும் உணவகத்துக்கும் மதிப்புரை எழுதுகிறோம். கடை நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் பணம் கட்டிப் பெறுகிற மாநகராட்சியின் சேவைக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம் என்ற வழி இல்லாத வாடிக்கையாளருக்கு மதிப்புரை எழுதி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு காரணமாக இருக்கலாம். எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. இருந்தாலும் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தச் சேவையை நானே பயன்படுத்தி வருவதோடு, என் கடை நகலெடுத்து நூல் கட்டித் தரும் கடை என்பதால், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் உரிம விண்ணப்பங்களும் ஆட்சேபணைக் கடிதங்களும் அபராத ரசீதுகளும் என் இயந்திரத்தின் கண்ணாடி வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் கேட்கும் அலுவலகத்தால் எனக்கு வருமானமும் வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

தொழில் உரிமம் புதுப்பிப்பதில் தொடங்குகிறேன், ஏனெனில் ஒரு சிறு கடைக்காரர் மாநகராட்சியை முகத்துக்கு முகம் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான். விண்ணப்பம் இணையத்துக்கு மாறியபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஆவணங்களைப் பதிவேற்றும்போது, கோப்பு பெரிதாக இருந்தால் ஏற்காது. அளவைக் குறைத்தால் ஏற்றுக்கொள்ளும், ஒன்பது நாள் கழித்து "இணைப்பு தெளிவாக இல்லை" என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பும். எந்த இணைப்பு என்று சொல்லாது. ஆறு ஆவணங்களையும் மறுபடி ஏற்ற வேண்டும், நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தொழிலே ஆவணங்களை நகலெடுப்பதாக இருக்கிற எனக்கே இது இரண்டு முறை நடந்தது என்றால், எழுதப் படிக்கத் தடுமாறும் ஒரு சைக்கிள் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்க வேண்டியதில்லை; அவர் என்னிடம் வருவார், அல்லது இடைத்தரகரிடம் போவார். இடைத்தரகரை ஒழிப்பதற்காகக் கொண்டுவந்த தளம் அவருக்கு ஒரு கணினியை வாங்கிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆவணப் பட்டியலிலேயே இருக்கிறது. கட்டடத்தின் சொத்து வரி நடப்பு ஆண்டு வரை செலுத்தப்பட்ட ரசீதை இணைக்க வேண்டும் என்கிறார்கள். சிறு கடைக்காரர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். சொத்து வரி கட்ட வேண்டியவர் கட்டட உரிமையாளர். அவர் வரி பாக்கி வைத்தால் தண்டனை வாடகைதாரருக்கு: உரிமம் புதுப்பிக்கப்படாது, புதுப்பிக்காத உரிமத்துக்கு அபராதம் வரும். உரிமையாளரிடம் போய் வரி கட்டச் சொன்னால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி" என்பார். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் வாடகையை உயர்த்துவதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். சொத்து வரியை வசூலிப்பது மாநகராட்சியின் வேலை. அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும்படி வாடகைதாரரை அமர்த்தியிருக்கிறார்கள் என்றே இந்த விதியை நான் வாசிக்கிறேன். விதியை வகுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கடைக்காரர் என்றால் சொந்தக் கட்டடத்தில் இருப்பவர் என்று அவர்கள் மனத்தில் ஒரு படம் இருந்திருக்கிறது.

உரிமக் கட்டணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிறு வணிகத்தைக் கட்டணமும் வரியும்தான் நசுக்குகின்றன என்று எண்ணிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் நசுக்குவது நேரம். ஒரு பெரிய அங்காடியில் இந்த வேலைகளுக்கென்றே ஓர் ஊழியர் இருப்பார், அவர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அங்காடியின் கதவு திறந்தே இருக்கும். நான் காத்திருந்தால் ஷட்டர் இறங்கியிருக்கும். ஒரே வரிசை, ஒரே டோக்கன், ஒரே காத்திருப்பு. ஆனால் இருவர் கொடுக்கிற விலை ஒன்றல்ல. பெரு நாட்டின் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு 1980-களில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. லிமா நகரில் ஒரே ஒரு தொழிலாளியோடு இயங்கக்கூடிய சிறிய தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய, நாளுக்கு 6 மணி நேரம் அலைந்து 289 நாட்கள் ஆயின. செலவு மாதக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேல். பதிவில்லாமல் தொழில் செய்கிறார்களே என்று கோபப்படும் அதிகாரிகள் அந்த 289 என்ற எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இதற்கு மருந்தாக எல்லா நகரங்களும் சொல்வது ஒற்றைச் சாளர முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த சேவைகள் நெறிமுறையே, தொழில் தொடங்குபவர் எல்லா அனுமதிகளையும் ஒரே இடத்தின் வழியாகப் பெற வழிசெய்ய வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்கு விதித்தது. எங்கள் மாநகராட்சியிலும் அப்படி ஒரு சாளரம் இருக்கிறது. உட்கார நாற்காலி உண்டு, மின்விசிறி சுழல்கிறது, அங்கிருக்கும் பெண் ஊழியர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். இவற்றுக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் சாளரம்தான் ஒன்று, அதற்குப் பின்னால் அறைகள் பழையபடி ஐந்து. முன்பு நானே சுகாதாரப் பிரிவிலிருந்து வருவாய்ப் பிரிவுக்குக் கோப்போடு நடந்து போவேன். வழியில் யாரிடம் தேங்கியிருக்கிறது என்பதாவது தெரியும். இப்போது கோப்பு தானாக நடக்கிறது, எங்கே நிற்கிறது என்று சாளரத்தில் இருப்பவருக்கும் தெரிவதில்லை.

வேலை செய்யும் மாற்றம் எது என்றால், அலுவலகத்தின் மீது கெடு விதிப்பதுதான். சான் பிரான்சிஸ்கோவில் 2020 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாக ஏற்ற ஒரு தீர்மானம், நகரின் கடைவீதிகளில் தொடங்கும் பலவகைக் கடைகளுக்கான அனுமதி விண்ணப்பங்களை 30 நாட்களுக்குள் பரிசீலித்து முடிக்க வேண்டும் என்றது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தே வாடகை ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், கடைக்காரருக்கு இந்த 30 என்ற எண் எந்தக் கட்டணச் சலுகையையும்விட மேலானது. எனக்கு இருக்கிற கெடுவோ ஒருபக்கமானது: நான் ஒரு நாள் தாமதித்தால் அபராதம், அவர்கள் நான்கு மாதம் தாமதித்து உரிமம் கொடுத்தாலும் அது ஆண்டின் அதே கடைசித் தேதியில்தான் காலாவதியாகும். பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்டி எட்டு மாத உரிமம் வாங்கிய ஆண்டும் உண்டு.

அடுத்தது சாலைப் பணி. எங்கள் தெருவில் வடிகாலுக்காகத் தோண்டினார்கள். வடிகால் தேவை, அதில் மறுபேச்சில்லை. ஒரு காலைப் பொழுதில் நான் கடைக்கு வந்தபோது வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இடுப்பளவு பள்ளம் இருந்தது என்பதுதான் குறை. முதல் நாள் ஒரு துண்டறிக்கை வந்திருந்தால் காகிதக் கட்டுகளை இறக்கி வைத்திருப்பேன். நாற்பது நாள் என்றார்கள், ஐந்து மாதம் ஆனது. ஒரு பலகையைப் பள்ளத்தின் குறுக்கே நானே போட்டேன். அதன் மேல் முதியவர்கள் யாரும் நடக்கத் துணியவில்லை, மழை பெய்தால் இளைஞர்களும் துணியவில்லை. அன்றாட வரவை எழுதும் என் நோட்டில் அந்த ஐந்து மாதங்களின் பக்கங்கள் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கின்றன. உதவியாளரின் சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் வெறுமையாக இருக்கவில்லை. பிரான்சில் டிராம் பாதை அமைக்கும் நகரங்கள் பலவற்றில், பணி நடக்கும் தெருவிலுள்ள கடைகளின் இழப்பைக் கணக்குப் பார்த்து ஈட்டுத்தொகை தரச் சமரசக் குழுக்களை அமைக்கிறார்கள். வணிகர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை, கணக்குப் புத்தகத்தோடு குழுவிடம் போனால் போதும். எனக்கு ஈட்டுத்தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஐந்து மாதத்துக்கான குப்பைக் கட்டணத்தையாவது தள்ளுபடி செய்யக் கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, பதில் இல்லை.

வாகன நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது கடைக்காரர்களாகிய எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம் வரப்போகிறது என்றதும் வணிகர் சங்கம் ஒருநாள் கடையடைப்பு வரை பேசியது, நானும் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு வாரம் சும்மா கவனித்துப் பார்த்தேன்: தெருவின் இருபுறமும் காலை முதல் இரவு வரை நகராமல் நின்றவை பெரும்பாலும் எங்கள் வண்டிகளும் எங்கள் ஊழியர்களின் வண்டிகளும்தான். வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று புலம்பிய நாங்களே அந்த இடத்தை அடைத்திருந்தோம். கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்துப் பழைய கடைவீதியில் 1993-இல் கட்டண மீட்டர் வைக்க முனைந்தபோது அங்கும் வணிகர்கள் எதிர்த்தார்கள். மீட்டரில் சேரும் பணம் நகரத்தின் பொதுக் கல்லாவுக்குப் போகாது, அதே தெருவின் நடைபாதைக்கும் மரங்களுக்கும் விளக்குகளுக்கும் துப்புரவுக்கும் செலவாகும் என்று நகரம் உறுதி சொன்ன பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பாழடைந்து கிடந்த அந்தக் கடைவீதி மறுபடி கூட்டம் சேரும் இடமானது. எங்கள் தெருவில் கட்டணம் வந்துவிட்டது, பணம் எங்கே போகிறது என்பது ரசீதில் அச்சிடப்படவில்லை. கொள்கை சரி, அதன் கடைசி வரியை எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்பது என் மதிப்பீடு.

நடைபாதை வியாபாரிகளை அகற்றும் நடவடிக்கைக்கும் சங்கம் கைதட்டியது, இதில் நான் சேரவில்லை. அவர்கள் போன பிறகு தெரு அகலமானது, நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். பேனாவும் கவரும் வாங்க நின்றவர்கள்தான் திரும்பி என் கடையில் நகலெடுப்பார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. உரிமத்தின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்துத் தெருவைச் சீராக்கலாம் என்ற யோசனையும் அவ்வளவு எளிதல்ல. நியூயார்க்கில் 1980-களில் உணவு வண்டி அனுமதிகளுக்கு அப்படி ஒரு வரம்பு வைத்தார்கள். இரண்டாண்டுக்கு 200 டாலர் கட்டணமுள்ள அனுமதி, கள்ளச் சந்தையில் 20,000 டாலருக்கு மேல் குத்தகைக்குப் போனது. வண்டியில் நின்று வியர்த்தவர் ஒருவர், அனுமதியை வைத்திருந்தவர் வேறொருவர். 2021-இல்தான் சட்டத்தைத் திருத்தி ஆண்டுதோறும் புதிய அனுமதிகளைக் கொடுக்கவும், அந்தப் புதிய அனுமதிகளின் கீழ் உரிமம் பெற்றவர் வண்டியில் இருந்தாக வேண்டும் என்று விதிக்கவும் முடிவு செய்தார்கள்.

அதே நியூயார்க், 2020-இல் தொற்றுநோயின்போது, உணவகங்கள் நடைபாதையிலும் சாலையோரத்திலும் மேசை போட அனுமதித்தது. உணவகக்காரர் விதிகளைப் பின்பற்றுவதாக இணையத்தில் தாமே உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றது. பிறகு அதை நிரந்தரமாக்கும்போது கட்டணமும் வரைபடமும் விசாரணையும் திரும்பி வந்துவிட்டன என்பது வேறு கதை. அவசரம் வந்தால் நகர நிர்வாகம் கடைக்காரரின் சொல்லை நம்பும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. அவசரமில்லாத காலத்தில் என் பெயர்ப் பலகை அனுமதிக்கப்பட்ட அளவைவிட நான்கு விரற்கடை நீளம் என்பதை அளக்க இருவர் டேப்போடு வந்தார்கள். ஒருவர் ஏணியில் ஏறினார், மற்றவர் எழுதிக்கொண்டார். அபராதம் கட்டினேன், பலகையின் ஓரத்தை அறுத்தேன். தெரு முனையில் ஒரு கட்டடத்தின் முகப்பையே மூடி நிற்கும் விளம்பரத் தட்டியை அவர்கள் கடந்துதான் வந்தார்கள், கடந்துதான் போனார்கள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால்: இணையவழிப் பணம் செலுத்தும் வசதிக்கு ஐந்துக்கு நான்கு, சாளர ஊழியர்களின் நடத்தைக்கு நான்கு, உரிமம் வழங்கும் வேகத்துக்கு ஒன்று, சாலைப் பணிக்கு முன்னறிவிப்புத் தருவதற்குச் சுழியம். வாகன நிறுத்தத்துக்கு இரண்டு போடுகிறேன்; கணக்கை வெளியிட்டால் நான்காக உயர்த்தத் தயார். கொள்கைகளை வகுக்கும் கூட்டத்துக்கு எங்களைப் போன்றவர்களையும் அழைத்திருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. வேலைநாளின் பகல் பதினொரு மணிக்கு அழைத்தார்கள், அந்த நேரத்தில் கடையை மூடிவிட்டு வரக்கூடியவர்கள் வந்தார்கள்.

இந்த ஆண்டுக்கான என் விண்ணப்பம் இன்றோடு இருபத்தாறு நாளாகப் "பரிசீலனையில் உள்ளது". சுவரில் சென்ற ஆண்டின் உரிமம் தொங்குகிறது. ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்காக, அதன் கீழே இந்த ஆண்டுக் கட்டணம் செலுத்திய ரசீதை ஒட்டி வைத்திருக்கிறேன், மூன்று நகல்களோடு.