பெங்களூரில் வேர் சிகிச்சை நிபுணர்: பையைத் தூக்குவதா, நாற்காலி போடுவதா?

என் பழைய பையின் எடை 11 கிலோ. ஃபைலைச் சுழற்றும் எண்டோமோட்டார், வேர் நுனி எங்கே என்று காட்டும் அபெக்ஸ் லொகேட்டர், பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் டேம் பெட்டி, வேர்க் கால்வாயைச் சுரண்டும் ஊசி போன்ற ஃபைல்கள் அளவு வாரியாக, கண்ணில் மாட்டும் உருப்பெருக்கியான லூப்ஸ், ஒரு ஜோடி மாற்றுச் சட்டை. எட்டு வருடம் அதைச் சுமந்துகொண்டு இந்த ஊரில் ஏழு கிளினிக்குகளுக்குப் போய்வந்தேன். இப்போது எனக்கென்று இரண்டு நாற்காலி போட்ட சிறிய இடம் இருக்கிறது. போன மாதம் அல்சூர் ஏரிக்கு எதிரே, தமிழ்ச் சங்கத்துப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பல் மருத்துவ மேற்படிப்பான எம்டிஎஸ் முடித்து வந்திருந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கன்சல்டிங்லயே இருந்துடலாமா, சொந்தமா போடலாமா?" அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதி இங்கே.

பல் மருத்துவத்தில் பட்டப்படிப்பு 5 வருடம், அதற்கு மேல் எம்டிஎஸ் 3 வருடம். மொத்தம் 9 பிரிவுகள். வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால் செய்யும் பிரிவு, அதில் ஒன்று. முப்பதை நெருங்கும் வயதில் வெளியே வருகிறவருக்கு இந்த ஊரில் நான்கு வழி உண்டு. பல கிளினிக்குகளுக்குப் போய்வரும் கன்சல்டன்ட் ஆகலாம். சங்கிலிக் கிளினிக்கில் சம்பளத்துக்குச் சேரலாம். தன் பிரிவை மட்டும் செய்யும் சொந்தக் கிளினிக் போடலாம். வேறு பிரிவு நிபுணர்களோடு கூட்டுச் சேரலாம். எந்த வழியில் போனாலும், தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் முதலில் கர்நாடக மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காசு

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பையோடு போகிறவருக்கு முதலீடு கொஞ்சம். கருவிகள், லூப்ஸ், அவ்வளவுதான். வாடகை இல்லை, கரன்ட் பில் இல்லை. வருமான வரியிலும் ஒரு வசதி உண்டு. வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத் தொல்லை இல்லாமல் இருக்கலாம். உண்மைச் செலவு பாதிக்கு ரொம்பக் கீழே இருக்கிற கன்சல்டன்டுக்கு இது லாபம், நிம்மதியும்கூட.

சொந்தக் கிளினிக் போட்ட முதல் வருடமே இது தலைகீழாகும். செலவு பாதியைத் தாண்டிவிடும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒழுங்காகக் கணக்கு எழுத வேண்டும், தணிக்கையும் வரும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊர்ப் பழக்கம். நாற்காலி, கம்ப்ரஸர், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, மைக்ரோஸ்கோப் என்று வாங்குகிற எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி உண்டு. சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், வாங்கும்போது கட்டியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நோயாளிக்கு நல்ல விஷயம், கடன் வாங்கியவருக்கு வயிற்றெரிச்சல். அப்புறம் காகிதங்கள்: 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப் பதிவு, எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி. ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதைத் தின்னும்.

முதல் மூன்று வருடம் கன்சல்டன்ட் கையில்தான் காசு அதிகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காசு எப்படி வருகிறது என்று பாருங்கள். பல் கணக்கில் வருகிறது. முதல்முறை ரூட் கெனாலுக்கு ஒரு தொகை. வேறு யாரோ செய்து கெட்டுப்போனதைப் பிரித்து மறுபடி செய்வதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பழைய அடைப்பை உருக்கி எடுத்து, உடைந்த ஃபைல் இருந்தால் அதையும் சுற்றிப் போகிற வேலைக்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், மூன்று மடங்கு காசு யாரும் தருவதில்லை. நோயாளி வரவில்லையென்றால் அன்றைக்கு அதுவும் இல்லை. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போன பிறகுதான் 'பேஷன்ட் கேன்சல் சார்' என்று செய்தி வரும்.

போக்குவரத்து இப்போது முன்பைவிடத் தேவலாம். 2023 அக்டோபரில் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை முழுதாக ஓட ஆரம்பித்தது. 2025 ஆகஸ்டில் யெல்லோ லைன் திறந்தபின் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ரயிலிலேயே போய்விடலாம். மெட்ரோ வாசலில் ஸ்கேனருக்குள் போன என் பையைப் பார்த்துக் காவலர் கேட்பார்: "ஏனு சார் இது?" கன்னடத்தில் 'என்ன இது' என்று அர்த்தம், தமிழ்க் காதுக்கு 'ஏன்' என்று விழும். சில நாள் எனக்கும் அதுதான் கேள்வி.

நேரம்

மைக்ரோஸ்கோப்பும் புது ஃபைல் முறையும் வந்தால் வேகம் கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கிளினிக் போட்ட பிறகுதான் புரிந்தது, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது, பல்லைக் குடையக் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸின் எண்ணிக்கை. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஹேண்ட்பீஸ் ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டும். 134 டிகிரியில் கிருமி நீக்கம் சில நிமிடம்தான். ஆனால் சூடாவது, உலர்வது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். இரண்டு நாற்காலிக்கு இரண்டு செட் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கே கை கட்டி உட்கார வேண்டியதாயிற்று. இப்போது ஆறு செட் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தாலும் இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

கன்சல்டன்டாகப் போகும்போது இந்தக் கவலை நமக்கு வராது, வர வேண்டிய இடத்திலும் வராது. போகிற கிளினிக்கில் எத்தனை ஹேண்ட்பீஸ், எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டாலே முகம் மாறும். ஒரு கிளினிக்கில் உரிமையாளர் என்னிடமே சொன்னார்: "ரப்பர் டேம் மாட்டப் பத்து நிமிஷம் போகுது, நாலு பேஷன்ட் வெயிட் பண்றாங்க, விடுங்க டாக்டர்." எச்சில் உள்ளே போகாமலும், கால்வாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் தொண்டைக்குள் இறங்காமலும், கை நழுவிய ஃபைலை நோயாளி விழுங்காமலும் தடுப்பது அந்த ரப்பர் துண்டுதான். அந்த மாதத்தோடு அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன். நிறுத்த முடிந்தது என்பது கன்சல்டிங்கின் நல்ல பக்கம். கடன் கழுத்தில் இல்லாதவர் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பக்கத்தில் நிற்கும் கை

ஒப்பிடும்போது யாரும் கணக்கில் எடுக்காத விஷயம் அசிஸ்டன்ட். ஏழு கிளினிக் என்றால் ஏழு பேர், அவர்களும் அடிக்கடி மாறுவார்கள். திங்கட்கிழமை ஒருவருக்கு எச்சில் உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை எங்கே பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தால், அடுத்த திங்கள் அங்கே புதியவர் நிற்பார். மேல் கடைவாயின் முதல் பல்லில் நான்காவது வேர்க் கால்வாய் பெரும்பாலும் இருக்கும். அது மயிரிழை மாதிரி, தேடினால்தான் கிடைக்கும். தேடும் நேரத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. எதையாவது எடுக்கத் திரும்பினால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

என் கிளினிக்கில் இப்போது இருப்பவர் மர்ஃபி டவுனைச் சேர்ந்தவர். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவர். கையை நீட்டினால் எட்டாம் நம்பர் ஃபைலா பத்தாம் நம்பரா என்று அவரே பார்த்துக் கொடுக்கிறார். வரும் பாட்டிகள் "ஊசி வேணாம், புடுங்கிடு கண்ணு" என்று என்னிடம் அடம்பிடித்தால், தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ பேசி உட்கார வைப்பதும் அவர்தான். சொந்த இடத்தின் பெரிய லாபம் எனக்கு இவர். சம்பளத்தை உயர்த்தித் தக்கவைப்பதா, புது லேசர் வாங்குவதா என்று ஒரு வருடம் யோசித்தேன். லேசர் இன்னும் வாங்கவில்லை.

செய்த வேலையைத் திரும்பப் பார்ப்பது

வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பு நிழல் விழுந்த பல்லுக்குச் சிகிச்சை செய்தால், அது ஆறியதா என்று அடுத்த வாரம் தெரியாது. குறைந்தது ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சில பல்லை நான்கு வருடம் வரை பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய எண்டோடான்டிக் (வேர் சிகிச்சை) சங்கத்தின் வழிகாட்டுதல். எட்டு வருடக் கன்சல்டிங்கில் இப்படி நான் திரும்பப் பார்த்த பற்கள் மிகக் குறைவு. வலி திரும்பியவர் மட்டும்தான் வருவார், நன்றாக இருப்பவர் ஏன் வருகிறார்? அதனால் என் தோல்விகள் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தன. சில வருடத்தில் வேலையின் மேல் ஒரு சலிப்பு வந்ததற்கு அது காரணம் என்று இப்போது தோன்றுகிறது. சொந்த இடத்தில் ஒரு வருடம் முடிந்ததும் போன் போடுகிறோம், எக்ஸ்ரேவுக்குக் காசு வாங்குவதில்லை. பாதிப் பேர் வருகிறார்கள். நிழல் மறைந்து எலும்பு நிரம்பிய படத்தைப் பழைய படத்தோடு சேர்த்து, நோயாளியை என்னிடம் அனுப்பிய டாக்டருக்கு அன்றே அனுப்பிவிடுவேன்.

அந்த அனுப்பிய டாக்டர்தான் இந்தக் கிளினிக்கின் அச்சாணி. ரூட் கெனால் முடிந்ததும் நோயாளி கேட்பார்: "கேப்பையும் நீங்களே போட்டுடுங்க டாக்டர், மறுபடி எதுக்கு அங்க போகணும்?" போட்டால் அன்றைக்கு வரவு. அதோடு அந்த டாக்டர் இனி யாரையும் அனுப்ப மாட்டார். கேப் போடுவதில்லை, பல் சுத்தம் செய்வதில்லை, என் பிரிவு மட்டும் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நிபுணர் ஒருவர் பொதுக் கிளினிக் திறந்தால், நேற்று வரை அவரைக் கூப்பிட்ட ஏழு கிளினிக்குகளுக்கும் இன்று போட்டியாளர். இதை யோசிக்காமல் பலகை மாட்டி, ஆறு மாதம் ஈயோட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மற்ற இரண்டு

சங்கிலிக் கிளினிக்கில் மாதச் சம்பளம் வரும், கருவிகள் நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை போன் வராது. மாத இலக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று சேருமுன் கேளுங்கள். இருந்தால், இந்தப் பல்லைக் காப்பாற்றலாமா எடுக்கலாமா என்று முடிவு செய்யும்போது அந்த எண்ணும் பக்கத்தில் வந்து உட்காரும். சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கும், கல்விக் கடன் அடைப்பவர்களுக்கும் இரண்டு வருடம் நல்ல இடம்.

கூட்டுக் கிளினிக் காகிதத்தில் அழகாக இருக்கும். ஈறு நிபுணர், செயற்கைப் பல் நிபுணர், நான். ஒரே ஆட்டோகிளேவ் அறை, ஒரே ரிசப்ஷன். ஒருமுறை முயன்றோம். சண்டை காசில் வரவில்லை. மாலை ஐந்து முதல் எட்டு வரை ஐடி கம்பெனிக்காரர்கள் வரும் நேரம் யாருக்கு என்பதில் வந்தது. மூன்று பேருக்கும் மூன்று நாற்காலி இருந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டாம்.

தம்பிக்கு

மூன்று வருடம் பையைத் தூக்குங்கள். ஏழு கிளினிக் வேண்டாம், மூன்று போதும். ரப்பர் டேமுக்கு முகம் சுளிக்காத மூன்று. அங்கே செய்யும் ஒவ்வொரு பல்லின் எக்ஸ்ரேவுக்கும் ஒரு நகலை, கிளினிக்கின் சம்மதத்தோடு, நோயாளி பெயரை எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். அதற்கப்புறம் ஒரே நாற்காலியோடு, நாலு செட் ஹேண்ட்பீஸோடு, நல்ல அசிஸ்டன்ட் ஒருவரோடு இடம் பாருங்கள். மெயின் ரோடு தேவையில்லை. உங்களிடம் வருகிறவர் பலகை பார்த்து வருவதில்லை, வேறு டாக்டர் கொடுத்த சீட்டோடு வருகிறார். லிஃப்ட் இருந்தால் முதல் மாடியே போதும், வாடகை குறையும்.

பையை நான் முழுசாக இறக்கி வைக்கவில்லை. வியாழக்கிழமை மட்டும் ஜெயநகரில் ஒரு பழைய கிளினிக்குக்குப் போகிறேன். மோட்டாரும் லொகேட்டரும் அவர்களே வாங்கிவிட்டார்கள். இப்போது 4 கிலோதான்.