கண்மாய்க்கரை கேரவன் முகாம்: ஐப்பசியில் எந்த இடத்தைக் கேட்பது?

காரைக்குடிப் பக்கம் கண்மாயை ஒட்டிய இந்த முகாமில் கோடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நிழல், சுத்தமான கழிப்பறை, காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். ஐப்பசி, கார்த்திகையில்தான் சிக்கல்.

இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று தொடுப்பு. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகுதி நீர் வழியும் கட்டு) பாய்ந்தால் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குத்தான் வரும். மழை விட்ட பிறகும் மட்டம் ஏறும். முகாமின் கடைசி வரிசை அந்தத் தண்ணீர் வரும் வாய்க்காலின் வாட்டத்திலேயே இருக்கிறது. 'வியூ நல்லாருக்கும்' என்று அதைத்தான் முதலில் தள்ளிவிடுகிறார்கள். வாசல் பக்க மேட்டைக் கேளுங்கள். வண்டியின் முகம் சாலையைப் பார்த்து நிற்கட்டும்.

மின் இணைப்புப் பெட்டி முழங்கால் உயரத்தில் இருப்பது பெரிய குறை. தண்ணீர் அண்டுவதற்கு முன்பே மெயினை அணைத்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும். தேங்கியபின் தொடவே கூடாது. கேஸ் சிலிண்டரையும் மூடுங்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய கார் மிதக்கும், கேரவன் கனம் என்ற தைரியம் வேண்டாம். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்: எஞ்சின் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஊறிய செம்மண்ணில் அடியில் பலகை இல்லாமல் வண்டியைத் தாங்கும் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். முகாமில் பலகை கிடையாது, கொண்டு போங்கள்.